உரிமையும் சோதனையும் எதிரெதிர்த் தட்டுகளா?

ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கியைப் பற்றிய வாதம் எழும்போதெல்லாம், ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஒருங்கே ஏற்றுக்கொண்டு தொடங்கும் ஓர் அடிப்படை உண்டு. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை தராசின் ஒரு தட்டிலும் பொதுமக்களின் உயிர்ப்பாதுகாப்பு மறுதட்டிலும் இருக்கின்றன, ஒன்றை உயர்த்தினால் மற்றொன்று தாழ்ந்தே தீரும், ஆகவே துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் ஒவ்வொரு விதியும் உரிமையிலிருந்து ஒரு பங்கை வெட்டியெடுத்தே பாதுகாப்புக்குக் கொடுக்கிறது என்பது அந்த அடிப்படை. இதன்மீது உரிமைத் தரப்பினர் மேலும் ஒரு வாதத்தை ஏற்றுகின்றனர்: குற்றவாளி எவனும் கடைக்கு வந்து படிவம் நிரப்பிக் காத்திருக்கமாட்டான், எனவே சோதனையால் அலைக்கழிக்கப்படுபவர் சட்டத்துக்கு அடங்கி நடப்பவர் மட்டுமே. முதல் கருத்து அறிவாளர் நடுவே செல்வாக்குப் பெற்றது; இரண்டாவது மேடைகளில் எளிதில் கைதட்டல் பெறுவது. இரண்டுமே தவறானவை. அத்தவறு ஏட்டளவில் நின்றிருந்தால் இத்தனை விரிவாக மறுக்கவேண்டிய தேவை எழுந்திராது. அது அந்நாட்டின் சட்டத்தில் ஓர் ஓட்டையைப் பல பத்தாண்டுகளாகத் திறந்தே வைத்திருக்கிறது, அந்த ஓட்டையின் வழியாக மனிதர்கள் கொல்லப்பட்டும் வருகின்றனர்.

பின்னணிச் சோதனை என்பது எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் அதை எதிர்ப்போர் பலர். கூட்டாட்சி உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவர் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்பிக் கையெழுத்திடுகிறார். ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்டதுண்டா, தேடப்படும் நபரா, வீட்டு வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவரா, மனநலக் காரணத்தால் நீதிமன்ற ஆணையின்பேரில் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவரா என்பன போன்ற கேள்விகளுக்கு அதில் விடையளிக்கிறார். கடைக்காரர் அவ்விவரத்தை எஃப்.பி.ஐ. நடத்தும் தேசிய உடனடிக் குற்றப் பின்னணிச் சோதனை அமைப்புக்கோ, சில மாநிலங்களில் மாநிலக் காவல்துறைக்கோ தெரிவிக்கிறார். 1998 நவம்பர் முதல் இயங்கிவரும் அந்த அமைப்பு பத்தில் ஒன்பது விண்ணப்பங்களுக்கு அழைப்பு முடிவதற்குள்ளாகவே விடை சொல்லிவிடுகிறது. வாங்குபவர் எதற்காக வாங்குகிறார் என்று அது கேட்பதில்லை. அவருடைய அரசியல் கருத்து, குடும்பச் சூழல், தேவை ஆகியவற்றை அது எடைபோடுவதும் இல்லை. சட்டம் விலக்கியிருக்கும் நபர்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்ற ஒரே கேள்விக்கு ஆம், இல்லை என்று விடை தேடுகிறது, அவ்வளவே.

உரிமையின் இயல்பை எடுத்துக்கொண்டால், 1791இல் ஏற்கப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் தனிமனிதருக்கு உரிமை தருகிறதா, மாநிலங்களின் குடிமக்கள் படைக்கு மட்டுமே உரியதா என்ற பழைய பூசல் 2008இல் உச்ச நீதிமன்றத்தால் முடித்துவைக்கப்பட்டது. கொலம்பியா மாவட்டம் எதிர் ஹெல்லர் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையுடன் அது தனிமனித உரிமையே என்று நீதிபதி ஸ்கலியா எழுதினார். இந்தக் கட்டுரை அத்தீர்ப்பை மறுக்கவில்லை. அதை முழுமையாக ஏற்றுக்கொண்டே வாதிடுகிறது. காரணம், அதே தீர்ப்பிலேயே பெருங்குற்றம் புரிந்தோரும் கடும் மனநோயால் பாதிக்கப்பட்டோரும் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுக்கும் நெடுங்கால விதிகள்மீதும், வணிக விற்பனைக்கு நிபந்தனை விதிக்கும் சட்டங்கள்மீதும் எவ்வித ஐயமும் எழுப்பப்படவில்லை என்று ஸ்கலியாவே தெளிவுபடுத்தினார். 2022இல் அதே நீதிமன்றம் வழங்கிய புரூவென் தீர்ப்பு, வரலாற்றில் வேர் இல்லாத எந்தத் துப்பாக்கிச் சட்டமும் நில்லாது என்ற கடுமையான அளவுகோலை வகுத்தது. அதை எழுதிய நீதிபதி தாமஸ்கூட, விண்ணப்பித்தவர் எல்லோருக்கும் பின்னணிச் சோதனையின்பேரில் துப்பாக்கியை வெளியில் எடுத்துச்செல்லும் உரிமம் வழங்கியாகவேண்டும் என்ற ஏற்பாடு 43 மாநிலங்களில் இருப்பதைச் சுட்டி, அதைத் தம் தீர்ப்பு குலைக்கவில்லை என்று அடிக்குறிப்பில் பதிந்தார். 2024இல் ரஹிமி வழக்கில், பிறர் உயிருக்கு அச்சுறுத்தல் என்று நீதிமன்றம் கண்டறிந்த ஒருவரிடமிருந்து ஆயுதத்தை அப்போதைக்கு விலக்கிவைப்பது இரண்டாம் திருத்தத்துக்கு முரணன்று என எட்டு நீதிபதிகள் ஒருமித்தனர், எதிர்த்தவர் ஒருவரே.

இவை எல்லாவற்றிலும் ஒரு செய்தி தெளிவாக நிற்கிறது. ஆயுத உரிமை எல்லா மனிதருக்கும் எல்லா நிலையிலும் உரியது என்று அமெரிக்கச் சட்டத்தில் எவரும் நிறுவவில்லை. உரிமைக்கு உரியவர் யார், அதை இழந்தவர் யார் என்ற எல்லை உரிமைக்குள்ளேயே வரையப்பட்டிருக்கிறது. அப்படியானால் ஒருவர் அந்த எல்லைக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்ப்பது உரிமையின்மீது புதிதாகச் சுமத்தப்படும் பாரம் ஆகாது. ஏற்கெனவே உள்ள எல்லையைக் கண்டுகொள்ளும் வழிமுறை மட்டுமே. விலக்கை ஏற்றுக்கொண்டு சோதனையை மறுப்பவர் விலக்கு என்ற சட்டமே வெறும் வாய்ச்சொல்லாக இருக்கட்டும் என்றுதான் கேட்கிறார். அதை உரிமையின் பெயரால் கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

அவ்வாறு வெறும் வாய்ச்சொல்லாக இருந்த காலமும் உண்டு. அதிபர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, புனைபெயரில் சிகாகோக் கடை ஒன்றிடமிருந்து அஞ்சல்வழி தருவிக்கப்பட்டது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் இரண்டு மாத இடைவெளியில் கொல்லப்பட்ட பிறகே துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறி, அஞ்சல்வழி விற்பனை நிறுத்தப்பட்டு, விலக்கப்பட்டோரின் வகைகள் வரையறுக்கப்பட்டன. ஆனால் அந்தச் சட்டம் படிவத்தில் வாங்குபவர் எழுதியதை அப்படியே நம்பியது; பொய் சொன்னவரைப் பொய்யர் என்று கண்டறிய அதனிடம் கருவி எதுவும் இருக்கவில்லை. 1981 மார்ச் 30 அன்று அதிபர் ரீகனையும் அவருடைய செய்திச் செயலர் ஜேம்ஸ் பிரேடியையும் சுட்டவன், டல்லஸ் நகரத்து அடகுக்கடை ஒன்றில் அந்தக் கைத்துப்பாக்கியை வாங்கும்போது படிவத்தில் பொய்யான முகவரியை எழுதினான், எவரும் சரிபார்க்கவில்லை. தலையில் குண்டுபட்டு வாழ்நாள் முழுதும் ஊனமுற்ற பிரேடியும் அவர் மனைவி சாராவும் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பயனாக 1993இல் சோதனையைக் கட்டாயமாக்கிய பிரேடி சட்டம் நிறைவேறியது. தேசிய ரைஃபிள் சங்கத்தின் உறுப்பினராக இருந்த ரீகனே 1991இல் அச்சட்டத்துக்கு ஆதரவாக வெளிப்படையாக எழுதினார் என்பதும், சோதனை என்றாலே உரிமைப் பகை என்று பேசுவோர் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி. 1968 முதல் 1993 வரையிலான அந்தக் கால் நூற்றாண்டில் உரிமை கூடுதலாகச் செழித்தது என்று எவரும் காட்டியதில்லை. பொய் சொல்லத் துணிந்தவருக்கு மட்டுமே அந்தக் காலம் வசதியாக இருந்தது.

உரிமைத் தரப்பின் வாதங்களில் உண்மையான வலிமை உடையது ஒன்று உண்டு. அதை விரிவாகவே எடுத்துக்கொள்ளவேண்டும். அரசின் கையில் அனுமதி அளிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தால், அந்த அதிகாரம் ஏழைகளுக்கும் கறுப்பின மக்களுக்கும் எதிராகவே பயன்படும் என்று அவர்கள் சொல்லும்போது, வரலாறு அவர்கள் பக்கம் நிற்கிறது. அடிமை முறை நிலவிய தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர் ஆயுதம் வைத்திருப்பது தடுக்கப்பட்டது; உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்றோரின் துப்பாக்கிகளைப் பறிக்கவே தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1956இல், வீட்டின்மீது குண்டு வீசப்பட்ட நிலையில், அலபாமா மாநிலத்தில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல உரிமம் கேட்ட மார்ட்டின் லூதர் கிங்குக்கு அது மறுக்கப்பட்டது. நியூயார்க்கின் 1911ஆம் ஆண்டுச் சல்லிவன் சட்டத்தின் வழிவந்த உரிம முறை, தக்க காரணம் இருக்கிறதா என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டிருந்தது. புரூவென் தீர்ப்பு வீழ்த்தியது அந்த விருப்ப அதிகாரத்தைத்தான்.

ஆனால் இந்த வரலாற்றிலிருந்து வரும் முடிவு, உரிமைத் தரப்பினர் எடுக்கும் முடிவுக்கு நேர்மாறானது. கிங்கின் விண்ணப்பத்தை மறுத்தது பதிவேடு அன்று. தமக்குப் பிடிக்காதவரை மறுக்கலாம் என்று சட்டத்தால் அனுமதிக்கப்பட்ட மனிதரின் முகச்சுளிப்பு. எழுதப்பட்ட காரணங்கள், அவற்றுக்குச் சான்றான நீதிமன்றப் பதிவு, பதிவில் பிழை இருந்தால் முறையிடும் வழி என்ற மூன்றும் அமைந்த சோதனையே அந்த முகச்சுளிப்பின் இடத்தைப் பிடிக்கக்கூடிய ஒரே ஏற்பாடு. விண்ணப்பிப்பவரைப் பார்த்து நீ யார், உன்னைப் போன்றவனுக்கு இது எதற்கு என்று கேட்கும் அதிகாரியை அகற்றிவிட்டு, உன்மீது இன்ன தீர்ப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் ஒரு முறையை வைப்பது உரிமையைக் காப்பதே ஆகும். தாமஸின் அடிக்குறிப்பு இந்த வேறுபாட்டைத்தான் சார்ந்திருக்கிறது. அளவுமீறிய காத்திருப்போ கட்டுக்கடங்காத கட்டணமோ சேர்ந்தால் அத்தகைய ஏற்பாடும் கேள்விக்குள்ளாகும் என்று அவர் எச்சரித்தது நியாயமே. சோதனையை வெறுப்பவர்கள் தங்களை அறியாமலேயே அதிகாரியின் விருப்பத்துக்கு வாசல் திறக்கிறார்கள். ஏனெனில் புறநிலையான சோதனை இல்லாத இடத்தில் அச்சம் மிகும்போது, மாநிலங்கள் அகநிலையான தடைகளையே நாடும்.

இனி, சோதனை பயனற்றது என்ற வாதம். குற்றவாளி கடைக்கு வரமாட்டான் என்பது கேட்பதற்கு அறிவுக்கு ஒத்ததாகத் தோன்றினாலும், எண்ணிக்கை அதை ஆதரிக்கவில்லை. 1994 முதல் 2015 வரை சோதனைக்கு வந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 19.7 கோடி என்றும், அவற்றுள் மறுக்கப்பட்டவை ஏறத்தாழ 30 லட்சம் என்றும் அமெரிக்க நீதிப் புள்ளியியல் பணியகம் கணக்கிட்டது. விலக்கப்பட்டவர்கள் கடைக்கு வருகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. பலர் தம் பெயர் பட்டியலில் இருப்பதை அறியாமலும், பலர் தப்பிவிடலாம் என்ற துணிவிலும் வருகிறார்கள். பெயர் ஒற்றுமையால் தவறாக மறுக்கப்பட்டவரும் இவர்களுள் உண்டு, அவர்களுக்காகவே முறையீட்டு வழியும் தனி அடையாள எண் ஏற்பாடும் இருக்கின்றன. அந்த வழி இன்னும் விரைவாக்கப்படவேண்டும் என்பது சரியான கோரிக்கை. அதைச் சோதனையே வேண்டாம் என்பதாக நீட்டுவது தவறான முடிவு.

பயனின்மை வாதத்தினர் தங்கள் பக்கம் இருப்பதாக நம்பும் முதன்மைச் சான்று, 2016இல் சிறைக்கைதிகளிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான கூட்டாட்சி அரசின் ஆய்வு. குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்த கைதிகளில் 43 விழுக்காட்டினர் அதைத் தெருவிலோ கள்ளச் சந்தையிலோ பெற்றதாகவும், 25 விழுக்காட்டினர் குடும்பத்தாரிடமோ நண்பரிடமோ பெற்றதாகவும், 6 விழுக்காட்டினர் திருடியதாகவும் கூறினர். தங்கள் பெயரிலேயே உரிமம் பெற்ற கடையில் வாங்கியவர் 7 விழுக்காட்டினர். துப்பாக்கிக் கண்காட்சிச் சந்தைகளில் பெற்றவர் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. இதிலிருந்து, கடையில் சோதித்து என்ன பயன் என்று கேட்கப்படுகிறது. ஆய்வு காட்டுவது வேறொன்று. சோதனை இருக்கும் வாசலைக் குற்றம் புரிவோர் பெரும்பாலும் தவிர்க்கின்றனர். சோதனை இல்லாத வாசல்களை நாடுகின்றனர். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, உரிமம் பெற்ற வணிகர் மட்டுமே சோதனை நடத்தக் கடமைப்பட்டவர். தன் சொந்தத் துப்பாக்கியை விற்கும் தனிமனிதர் அதே மாநிலத்தில் வசிக்கும் முன்பின் அறியாத ஒருவருக்கு எந்தக் கேள்வியும் கேட்காமல் விற்கலாம், விலக்கப்பட்டவர் என்று தெரிந்தோ தெரிந்திருக்க நியாயமான காரணம் இருந்தோ விற்காத வரையில். முந்தைய இரண்டு ஆண்டுகளில் துப்பாக்கி பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் எந்தச் சோதனையும் இன்றிப் பெற்றனர் என்று 2017இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கூறியது. ஒரு வாசலில் காவல் வைத்து அடுத்த வாசலைத் திறந்துவிட்டு, காவலால் பயனில்லை என்று முடிவு கட்டுவது என்ன நியாயம்?

தெருவில் விற்கப்படும் துப்பாக்கி தெருவில் முளைப்பதில்லை. ஏதோ ஒரு தொழிற்சாலையில் செய்யப்பட்டு, ஏறத்தாழ எப்போதுமே உரிமம் பெற்ற ஒரு கடையில் முதன்முறை விற்கப்பட்டு, பிறகே அது சட்டத்துக்கு வெளியே போகிறது. அப்படிப் போகும் முதன்மை வழிகளுள் ஒன்று பினாமிக் கொள்முதல். குற்றப் பதிவு இல்லாத ஒருவர் தமக்கு என்று சொல்லி வாங்கி, வாங்கக்கூடாத ஒருவரிடம் கொடுப்பது. தனியார் கைமாற்றுக்குச் சோதனையோ பதிவோ இல்லாத இடத்தில் இந்தப் பினாமியைப் பிடிப்பது கடினம். துப்பாக்கி எங்கே என்று காவலர் கேட்டால், யாரோ ஒருவருக்கு விற்றுவிட்டேன் என்பதே போதிய விடையாகிவிடுகிறது. 1999இல் கொலராடோ மாநிலக் கொலம்பைன் பள்ளிப் படுகொலையில் பயன்பட்ட நான்கு துப்பாக்கிகளில் மூன்று, கொலையாளிகளின் 18 வயது நிரம்பிய தோழி ஒருவரால் கண்காட்சிச் சந்தையில் தனியார் விற்பனையாளர்களிடம் வாங்கப்பட்டவை. படிவமும் சோதனையும் இருந்திருந்தால் தாம் வாங்கியிருக்கமாட்டேன் என்று அவரே பின்னர் சாட்சியம் அளித்தார். அவர் சோதனையில் தோற்றிருக்கமாட்டார் என்பதைக் கவனிக்கவேண்டும். தம் பெயர் எழுதப்படும் என்ற ஒன்றே அவரைத் தடுத்திருக்கும். படுகொலைக்கு அடுத்த ஆண்டே கொலராடோ வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் கண்காட்சிச் சந்தை விற்பனைகளுக்கெல்லாம் சோதனையைக் கட்டாயமாக்கினர்.

சிகாகோவைக் காட்டி, கடுமையான சட்டங்கள் இருந்தும் அந்நகரில் கொலைகள் குறையவில்லை என்று சொல்வது பயனின்மை வாதத்தினரின் வழக்கம். அந்நகர நிர்வாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கைப்படி, குற்றங்களில் கைப்பற்றப்பட்ட துப்பாக்கிகளில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இல்லினாய் மாநிலத்துக்கு வெளியிலிருந்து வந்தவை. ஐந்தில் ஒன்று பக்கத்து மாநிலமான இந்தியானாவிலிருந்து மட்டும் வந்தது. இந்தியானாவில் தனியார் விற்பனைக்குச் சோதனை இல்லை. நகர எல்லையைத் தாண்டி வாகனத்தில் சிறிது நேரம் சென்றால் வேறொரு சட்டம் கிடைக்கும் என்றால், சிகாகோ ஓர் எடுத்துக்காட்டாவது கூட்டாட்சி அளவில் சோதனை தேவை என்பதற்கே.

டெக்சாஸ் மாநிலத்தின் மிட்லண்ட், ஒடெசா நகரங்களில் 2019 ஆகஸ்ட் 31 அன்று நடந்தது, குற்றவாளி கடைக்கு வரமாட்டான், சோதனையால் பயனில்லை என்ற வாதத்தின் இரு பகுதிகளையும் ஒரே நிகழ்வில் மறுக்கிறது. ஏழு பேரைச் சுட்டுக் கொன்றவன் 2014இல் கடையில் துப்பாக்கி வாங்க முயன்றான். அவனுடைய மனநலப் பதிவின் காரணமாகச் சோதனை அவனைத் தடுத்தது. கடைக்கு வந்தான், அடையாளம் காணப்பட்டான், வெறுங்கையுடன் அனுப்பப்பட்டான். பின்னர் அவன் உரிமம் இல்லாத தனிநபர் ஒருவரிடம் ரைஃபிளை வாங்கினான். அங்கே அவனிடம் எவரும் எதையும் சரிபார்க்கவில்லை. உரிமமின்றித் துப்பாக்கி வணிகம் நடத்தியதற்காக அந்த விற்பனையாளர் பின்னர் சிறைத்தண்டனை பெற்றார். தண்டனை வந்தது கொலைகளுக்குப் பிறகு; சோதனைக் கடமை சட்டத்தில் இருந்திருந்தால் அது விற்பனைக்கு முன்பே வந்திருக்கும்.

சோதனை இருந்தும் தப்பிய கொலைகாரர்களைப் பட்டியலிட்டு, அமைப்பே தோற்றது என்று சொல்லப்படுகிறது. அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும்போது, தோற்றது சோதனை என்ற கருத்து அன்று, அதற்கு ஊட்டப்படவேண்டிய பதிவு என்பது தெரிகிறது. 2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்றவன், தனக்கே ஆபத்தானவன் என்று 2005இல் நீதிமன்ற ஆணையால் கட்டாயப் புறநோயாளிச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவன். உள்நோயாளிகளை மட்டுமே தெரிவித்தால் போதும் என்று மாநிலம் எடுத்துக்கொண்டதால் அந்த ஆணை சோதனை அமைப்பைச் சென்றடையவே இல்லை. அங்கே இறந்தவர்களுள் ஈரோடு மாவட்டத்தில் பிறந்து அப்பல்கலைக்கழகத்தில் நீரியல் கற்பித்துவந்த தமிழ்ப் பேராசிரியரும் ஒருவர். 2017 நவம்பரில் டெக்சாஸின் சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 உயிர்களைப் பறித்தவன், மனைவியையும் அவளுடைய குழந்தையையும் தாக்கியதற்காக 2012இல் இராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவன்; விமானப்படை அத்தண்டனையை எஃப்.பி.ஐ.க்குத் தெரிவிக்கத் தவறியதால் அவன் கடைகளில் சோதனைகளைத் தாண்டினான். 2021இல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அப்படுகொலையின் பொறுப்பில் 60 விழுக்காடு அரசையே சாரும் என்று தீர்ப்பளித்தார். 2015 ஜூன் 17 அன்று தென் கரோலினாவின் சார்லஸ்டன் தேவாலயத்தில் வேத பாடத்துக்குக் கூடியிருந்த ஒன்பது கறுப்பின மக்கள் கொல்லப்பட்டனர். அவர்களைக் கொன்றவனின் விண்ணப்பம் ஆய்வில் இருந்தபோதே, மூன்று வேலைநாட்களுக்குள் விடை வராவிட்டால் விற்கலாம் என்ற விதி செயல்பட்டுவிட்டது. கைதுப் பதிவு தவறான காவல் அலுவலகத்தின் பெயரில் இருந்ததால் எஃப்.பி.ஐ. ஊழியரால் உரிய நேரத்தில் அதைக் கண்டறிய முடியவில்லை. விசாரணை முடியாத நிலையில் கொடுத்துவிடு என்பதே இயல்பான விடையாக அமைந்த அந்த விதியும், உரிமையும் சோதனையும் பகைகள் என்ற நம்பிக்கையின் குழந்தையே. வர்ஜீனியா டெக்குக்குப் பிறகு நிறைவேறிய சட்டத்தால் மாநிலங்கள் அனுப்பும் மனநலப் பதிவுகள் பன்மடங்கு பெருகின; திருத்தினால் அமைப்பு திருந்துகிறது என்பதற்கு இதுவே சான்று.

ஆய்வு முடிவுகள் அனைத்தும் ஒரே பக்கம் நிற்கவில்லை; அதை மறைத்து எழுதுவது வாதத்துக்கும் உண்மைக்கும் துரோகம். பிரேடி சட்டத்தின் முதல் ஆண்டுகளை ஆராய்ந்து லட்விக், குக் ஆகிய இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, அச்சட்டத்தால் கொலை விகிதம் குறைந்ததற்கு அடையாளம் இல்லை என்றும், 55 வயதும் அதற்கு மேலும் ஆனோரின் துப்பாக்கித் தற்கொலை மட்டும் குறைந்தது என்றும் கண்டது. கலிஃபோர்னியா 1991இல் எல்லாக் கைமாற்றுகளுக்கும் சோதனையை விரிவாக்கியதன் விளைவை ஆராய்ந்தோரும் கொலையிலோ தற்கொலையிலோ தெளிவான மாற்றத்தைக் காணவில்லை. பயனின்மை வாதத்தினர் இங்கே நின்றுவிடுகின்றனர். ஆனால் வாங்குவதற்கு முன் நேரில் சென்று அனுமதி பெறும் முறை சோதனையோடு சேரும்போது காட்சி மாறுகிறது. மிசூரி மாநிலம் கைத்துப்பாக்கி வாங்குவோர் ஷெரிஃப் அலுவலகத்தில் அனுமதி பெறவேண்டும் என்ற பழைய சட்டத்தை 2007இல் நீக்கியது. அதன் பிறகு துப்பாக்கிக் கொலை விகிதம் ஏறத்தாழ கால் பங்கு உயர்ந்ததாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் வெப்ஸ்டரும் உடன் ஆய்ந்தோரும் கணித்தனர். அத்தகைய சட்டத்தை 1995இல் கொண்டுவந்த கனெக்டிகட்டில், முதல் பத்தாண்டில் துப்பாக்கிக் கொலைகள் 40 விழுக்காடு குறைந்ததாக 2015ஆம் ஆண்டு ஆய்வும், நீண்ட காலத்தை எடுத்துக்கொண்டபோது 28 விழுக்காடு குறைந்ததாகப் பிந்திய ஆய்வும் மதிப்பிட்டன. அளவுகள் மாறலாம், திசை மாறவில்லை. பதிவுகள் குறையாகவும் நடைமுறை தளர்வாகவும் இருக்கும் இடத்தில் சோதனை பலன் காட்டுவதில்லை, அவை செம்மையாக இருக்கும் இடத்தில் காட்டுகிறது என்பதே இந்த முடிவுகளை ஒருசேர வைத்துப் படிப்போர் அடையக்கூடிய நேர்மையான முடிவு.

முதியோர் தற்கொலை குறைந்ததைச் சிறிய பயன் என்று ஒதுக்கிவிடுவோருக்கு ஒரு செய்தி. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையுண்டோர் 20,958 பேர். துப்பாக்கித் தற்கொலை முயற்சிகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மரணத்தில் முடிகின்றன. பிற வழிகளில் முயன்று பிழைத்தோரில் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. ஆகவே காத்திருப்பு விதி உள்ள இடங்களில் வாங்கும் நேரத்துக்கும் கையில் கிடைக்கும் நேரத்துக்கும் இடையே வரும் சில நாட்கள், நேர்மையாளரை வீணே காக்கவைக்கும் நாட்கள் என்று பேசப்படுவது பெரும்பிழை. நேர்மையாளரும் துயரத்தில் மூழ்குவர்; அந்த நாட்கள் காப்பது பெரும்பாலும் அவர்களைத்தான்.

சோதனை பதிவேட்டுக்கும், பதிவேடு பறிமுதலுக்கும் இட்டுச்செல்லும் என்ற அச்சம் கடைசியாக வைக்கப்படுகிறது. அமெரிக்கச் சட்டம் இதற்கு ஏற்கெனவே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டாட்சித் துப்பாக்கிப் பதிவேட்டைத் தடைசெய்கிறது. ஒப்புதல் பெற்ற சோதனைகளின் விவரம் 24 மணி நேரத்துக்குள் அழிக்கப்படுகிறது. 4473 படிவம், கடை இயங்கும் வரை, கடைக்காரரிடமே தங்குகிறது. 2012 டிசம்பரில் சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, இரு கட்சிகளையும் சேர்ந்த செனட்டர்கள் மான்சின், டூமி கொண்டுவந்த திருத்தம் இன்னும் ஒரு படி போய், பதிவேடு உருவாக்கும் அதிகாரிக்கு 15 ஆண்டுவரை சிறை என்று எழுதியது. குடும்பத்தாரிடையே கைமாற்றுவதை விலக்கியது. கண்காட்சிச் சந்தை, இணைய விற்பனை ஆகியவற்றுக்கு மட்டும் சோதனையை விரித்தது. தேசிய ரைஃபிள் சங்கத்தின் தலைமை நிர்வாகி வெய்ன் லாபியர் 1999இல் நாடாளுமன்றக் குழு முன் கண்காட்சிச் சந்தை விற்பனை அனைத்துக்கும் சோதனை நியாயமானதே என்று கூறியிருந்தார். அப்படியிருந்தும் 2013 ஏப்ரல் 17 அன்று அந்தத் திருத்தம் 54 வாக்குகள் பெற்று, 60 தேவை என்ற அவை நடைமுறையால் வீழ்ந்தது. அச்சம் தீர்க்கப்பட்ட பிறகும் எதிர்ப்பு நின்றது என்றால், எதிர்ப்பின் வேர் அந்த அச்சத்தில் இல்லை.

சோதனை உரிமையைக் காப்பது என்ற வாதம் மெய்யாக வேண்டுமானால், அதை முன்வைப்போரும் ஒரு கடனைத் தீர்க்கவேண்டும். விலக்கப்பட்டோரின் பட்டியல் சில இடங்களில் தேவைக்கு மேல் அகன்றிருக்கிறது. உணவு உதவிக்காகப் பொய்த்தகவல் தந்து பல ஆண்டுகளுக்கு முன் தண்டனை பெற்ற ஒருவர் வாழ்நாள் முழுதும் ஆயுத உரிமையை இழப்பது நியாயமா என்ற கேள்வி, 2023இல் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவருக்குச் சார்பாகவே விடை கண்டது. இழந்த உரிமையை மீட்க விண்ணப்பிக்கும் வழி 1968 சட்டத்தின் அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் தனிநபர் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க நிதி செலவிடக்கூடாது என்று 1992 முதல் ஆண்டுதோறும் செலவினச் சட்டத்தில் எழுதி, நாடாளுமன்றம் அந்த வழியைப் பல பத்தாண்டுகள் அடைத்துவைத்தது. அடைத்தவர்கள் பெரும்பாலும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்தவர்கள். தனியார் விற்பனையைச் சோதனைக்கு வெளியே வைத்தவர்கள் பெரும்பாலும் அதை எதிர்த்தவர்கள். இரு தரப்பினரும் தராசுக் கணக்கில் ஒரே தவறைச் செய்தனர்: விலக்கு தவறாக விழுந்தவரை மீட்பது பாதுகாப்பைக் குறைக்கும் என்று ஒரு தரப்பும், விலக்கு சரியாக விழுந்தவரைக் கண்டறிவது உரிமையைக் குறைக்கும் என்று மறுதரப்பும் எண்ணின. எல்லாத் தனியார் விற்பனையும் உரிமம் பெற்ற கடை வழியே சோதிக்கப்படவேண்டும், விடை வராத விண்ணப்பம் மூன்று நாளில் தானாக ஒப்புதல் பெறக்கூடாது, மாநிலங்களும் இராணுவமும் தண்டனைப் பதிவுகளைக் குறித்த காலத்தில் அனுப்பியாகவேண்டும், உரிமை மீட்கக் கோரும் விண்ணப்பம் ஓராண்டுக்குள் காரணம் கூறித் தீர்க்கப்படவேண்டும் என்ற நான்கையும் ஒரே மசோதாவில் எழுதுவதற்கு ஹெல்லர் முதல் ரஹிமி வரையிலான எந்தத் தீர்ப்பும் தடையாக நிற்கவில்லை.